இரண்டாம் மாடியில் நம் வீடு

அக்டோபர் 3

எறும்புக்கு,

உன் கடிதம் வந்தது. ஜன்னலோரம் கட்டில் போட்டு, தலைமாட்டில் விளக்கு வைத்து, எனக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையே சுவருக்கு வெள்ளை அடித்தாராம். அந்த மனிதரை எதற்கு ஏணியில் ஏற்றினாய்? அவருக்குத் தரையில் நடந்தாலே தலை சுற்றும்.

வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம். போனில் கேட்டால் மழுப்புகிறேன் என்கிறாய். மழுப்பவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மோட்டாருக்குக் காதைக் கொடுத்தவன் நான். போனில் எனக்குப் பாதிதான் கேட்கும். அந்தப் பாதியும் நீ திட்டுவதாக இருக்கிறது. கடிதத்தில் திட்டினால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது, வழக்கமான வாளியை வைத்திருக்கிறேன். மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு ஃபர்னிச்சர் கடைக்குப் போனேன். முகத்தைச் சுளிக்காதே. மழை நாளில் கால் தானாக அங்கேதான் போகிறது.

கடையின் இரண்டாம் மாடியில், காட்சிக்கு வைத்த நம் வீடு அப்படியே இருக்கிறது. நீல சோபா, அட்டையில் செய்த டிவி, உள்ளே தாளே இல்லாத புத்தகங்கள், தண்ணீர் வராத குழாய். நீ கடித்துப் பார்த்த பிளாஸ்டிக் ஆப்பிளில் உன் பல் தடம் இன்னும் தெரிகிறது. உன் அம்மா தைத்துக் கொடுத்த திரை அந்தப் பொய் ஜன்னலில்தான் தொங்குகிறது. துணி வெளுத்துவிட்டது. தையல் ஓர் இடத்தில்கூட விடவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். கடையை மூடுகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் கட்டடத்தை இடிக்கிறார்களாம். மாடி மேற்பார்வை பார்க்கிற தாடிக்காரர் சொன்னார்: "எங்க கடைக்கு ரொம்ப நாளா வர்றது நீங்கதான் ஐயா. ஒரு முக்காலிகூட வாங்கினதில்ல." அவர் கிண்டல் செய்தாரா, வருத்தப்பட்டாரா என்று தெரியவில்லை.

இடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் பேத்தி வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வா. மழை நாளாகப் பார்த்து வா. உள்ளே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இடிக்க விட முடியுமா?

அப்பா

*

அக்டோபர் 9

அப்பாவுக்கு,

"யாரெல்லாம்" என்று பன்மையில் எழுதி என்னை ஏமாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வது ஒருத்தியை.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மழை பெய்தால் வீடு ஒழுகும். வீடு ஒழுகினால் நீங்களும் அம்மாவும் சண்டை போடுவீர்கள். சண்டை முற்றினால் மூன்று பேரும் குடை பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போவோம். டிக்கெட் கிடையாது, நனைய வேண்டாம், உட்கார ஊர்ப்பட்ட நாற்காலி. அந்தக் காட்சி வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் இரண்டு பேரும் வேறு ஆட்களாகிவிடுவீர்கள். அம்மா தண்ணீர் வராத குழாயில் பாத்திரத்தைப் பிடித்து "காபி ரெடி" என்பாள். நீங்கள் அட்டை டிவியைப் பார்த்து ஊர் நிலவரம் சொல்வீர்கள். எனக்கு உங்கள் இருவரையும் அங்கேதான் பிடிக்கும்.

அப்புறம் கண்ணாமூச்சி. தேடுகிறவர் "தோத்துட்டேன், வெளிய வா" என்று சத்தமாகச் சொல்லாத வரை ஒளிந்தவர் வரக்கூடாது. அம்மா போட்ட சட்டம். ஒருமுறை நீங்கள் தேடுவதை மறந்து சோபாவில் தூங்கிவிட்டீர்கள். அவள் கடை மூடும் வரை துணி அலமாரிக்குள்ளேயே நின்றாள், நினைவிருக்கிறதா? அவ்வளவு அழுத்தக்காரி.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அப்படி ஒரு மழை நாளில் அவள் ஒளிந்தாள். நாம் தேடினோம். கிடைக்கவில்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், போலீஸ் வந்தது, நீங்களே லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பார்த்தீர்கள். சரக்கு வாசல் வழியாகப் போயிருப்பாள் என்று போலீஸ்காரர் அன்றைக்கே சொன்னார். திரை தைத்துக் கொடுக்க அம்மா அந்த வாசல் வழியாகத்தானே போய் வருவாள்? அவள் போய்விட்டாள், அப்பா. அன்று காலை வாளியை எங்கே வைப்பது என்று நீங்கள் போட்ட சண்டையும் எனக்கு மறக்கவில்லை. "ஒரு தடவையாவது தோத்துட்டேன்னு உங்க வாயால கேக்கணும்" என்று அவள் சொன்னதும் மறக்கவில்லை.

நீங்கள் இன்று வரை சொல்லவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். உள்ளே இருப்பது படத்தில் விழும். விழவில்லை என்றால் உள்ளே இல்லை. இப்போது எனக்கு அன்றைய அம்மாவைவிட வயது அதிகம். இன்னும் எத்தனை காலம் அவளைத் தேடுவது? மழை நாளில் வாண்டுவை மீன் காட்சியகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான் கூட்டிப்போகிறேன். ஒரு ஃபர்னிச்சர் கடை வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாம் வாண்டுவின் அப்பா தனியாகப் போய் வாங்கியவை. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும்.

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, இங்கே வந்துவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் மகள்

*

அக்டோபர் 17

எறும்புக்கு,

கண்ணாடியைக் கழற்றாமல் முழுவதும் படித்தேன்.

நான் வீம்புக்காகச் சொல்லாமல் இருந்தது முதல் நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு பயம். சொல்லி அவள் வரவில்லை என்றால்? சொல்லாத வரை அவள் ஒளிந்திருக்கிறாள். சொன்ன பிறகும் வராவிட்டால் அவள் இல்லை. இந்தச் சின்னக் கணக்கு உனக்குப் புரியாதா?

எக்ஸ்ரே என்கிறாய். எனக்கு ஒருமுறை நீ நெஞ்சுப் படம் எடுத்தாய். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாய். பிடித்தேன். நீ "விடுங்க" என்று சொல்லும் வரை விடவில்லை. மற்றவர்களும் அப்படித்தானே? நீ சொல்ல மறந்துவிட்டால் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்?

கடையில் சாமான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. முதல் மாடியில் பாதி அறைகள் காலி. நம் நீல சோபாவில் "விற்றது" என்று சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். யார் வாங்கினார்களோ, அதில் நடுவில் ஒரு கம்பி குத்தும், சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. நீ திட்டுவாய், இருந்தாலும் எழுதுகிறேன். நம் வீட்டு மேசையில் மூன்று கோப்பைகள் இருக்கின்றன அல்லவா? போகும்போதெல்லாம் தூசி விழாமல் கவிழ்த்து வைத்துவிட்டு வருவேன். அடுத்த மழைக்குப் போனால் ஒன்று மட்டும் நிமிர்ந்திருக்கிறது. விற்பனைப் பெண்கள் யாராவது செய்வார்கள் என்று தாடிக்காரர் சொல்கிறார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வருவாயா?

அப்பா

*

அக்டோபர் 25

அப்பாவுக்கு,

வாண்டு வரமாட்டாள். அதை இனிமேல் கேட்காதீர்கள்.

கோப்பை விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், எங்கள் வீட்டுக் கோப்பைகளை எல்லாம் எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நேற்று வேலையில் ஒரு பெரியவர் வந்தார். உங்கள் உயரம். நெஞ்சைப் பலகையில் ஒட்ட வைத்து, "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதற்குள் டாக்டர் ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் முகமெல்லாம் சிவந்து, கண் பிதுங்கி, அப்படியே நிற்கிறார். "ஐயோ, விடுங்க விடுங்க" என்று ஓடினேன். "நீங்க சொல்லலையேம்மா" என்றார். சிரித்தேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதனால் நீங்கள் சொல்வதையே எடுத்துக்கொள்கிறேன். அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் செய்வது பாவம் இல்லையா? அவள் வருகிறாளோ இல்லையோ, விடச் சொல்லுங்கள். உங்களுக்காக வேண்டாம், அவளுக்காக.

உங்கள் மகள்

*

நவம்பர் 2

எறும்புக்கு,

சொல்லிவிட்டேன்.

நல்ல மழை. கடையில் கடைசித் தள்ளுபடி என்று கூட்டம். ஆனால் வாங்க வந்தவர்களைவிட நம்மைப் போல நனையாமல் இருக்க வந்தவர்கள்தான் அதிகம். எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் ஒரு குடும்பம். எந்த அலமாரியிலும் ஒரு பிள்ளை. நம் வீட்டு வாசலில் நின்று, குரல் நடுங்காமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டேன்! வெளிய வா!" என்று கத்தினேன். காது மந்தமானவன் கத்தினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

வந்தார்கள், எறும்பு. கட்டிலுக்கு அடியிலிருந்து இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். துணி அலமாரியைத் திறந்துகொண்டு ஒரு பெண் குழந்தை. குளியலறைத் திரைக்குப் பின்னால் இருந்து தொப்பையோடு ஒருவர், பாவம், அவரும் ஒளிந்திருக்கிறார். மாடி முழுக்க ஊரார் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. பயந்தது நடந்துவிட்டது என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் வந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன்.

அப்போது யாரோ எதிரில் வந்து நின்றார்கள். முதலில் கால்தான் தெரிந்தது. செருப்பில் ஒரு வார் அறுந்து, மஞ்சள் வாத்து ஒட்டிய ஊக்கால் குத்தியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அதே சேலை, அதே வயது. தலைமுடியில் மழைத் துளிகூடக் காயவில்லை.

"பெரியவரே, இங்க ஒருத்தர் சின்னப் பொண்ணோட நின்னாரா? இப்பதான் அவர் குரல் கேட்டுச்சு" என்றாள்.

நான்தான் அது என்று எப்படிச் சொல்வது? அவள் தேடுகிற முகம் என்னிடம் இல்லையே. "மேல போனாங்கம்மா" என்று என் வாய் ஏதோ உளறியது. "நல்ல மனுஷன். என்னைக் கூப்பிட்டுட்டு அவர் ஒளிஞ்சுக்கிட்டாரு பாருங்க" என்று சிரித்துக்கொண்டே படியேறிப் போய்விட்டாள். முட்டி வலியோடு நான் லிஃப்ட்டைப் பிடித்து மேலே போய்ப் பார்த்தால், ஆட்கள் மெத்தைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

இப்போது தேடுகிறவள் அவள். ஒளிந்திருப்பது நாம். நான் இந்த நரைக்குள், நீ உன் வயதுக்குள். கிடைக்காமல் அவள் விடமாட்டாள், உனக்கே தெரியும்.

வாண்டு உன்னை உரித்து வைத்திருக்கிறாள். ஒரே ஒரு நாள் அவளை நம் வீட்டு வாசலில் நிறுத்தினால் போதும். பார்த்துவிட்டால் உன் அம்மாவின் மனம் ஆறிவிடும்.

அப்பா

*

நவம்பர் 7

அப்பாவுக்கு,

மாட்டேன். என் பிள்ளையை அவள் முன்னால் நிறுத்தி, அவள் "வா, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தால் நான் என்ன செய்வேன்? கடிதத்தைப் படித்ததிலிருந்து வாண்டு பக்கத்து அறைக்குப் போனாலும் பின்னால் போகிறேன்.

முதலில் உங்களுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: அது யாரோ ஓர் இளம் தாய். மழை நாளில் அந்தக் கடையில் புருஷனையும் பிள்ளையையும் தொலைத்துவிட்டுத் தேடாத பெண் உண்டா? உங்களுக்குக் கண்ணும் மங்கல், ஆசையும் அதிகம். எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

காரணம் அந்த ஊக்கு.

அன்று நீங்கள் கோபத்தில் எங்களுக்கு வெகு முன்னால் நடந்துகொண்டிருந்தீர்கள். தெருமுனையில் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. என் கவுன் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். மஞ்சள் வாத்து ஒட்டியது. "உங்கப்பாகிட்ட சொல்லாத, இதுக்கும் ஒரு பிரசங்கம் வைப்பார்" என்றாள். நான் சொல்லவில்லை. போலீஸ்காரர் சேலை நிறம் கேட்டார், உயரம் கேட்டார், செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வாத்தை அவளையும் என்னையும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

படத்தில் விழுந்துவிட்டது, அப்பா. இனி இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

வாண்டுவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வருகிறேன். நீங்கள் பெட்டியைக் கட்டி வையுங்கள். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கடை மூடியதும் நீங்கள் என்னோடு வந்து இருக்க வேண்டும். சத்தியம் செய்து பதில் போட நேரமில்லை, நேரில் செய்யுங்கள்.

உங்கள் மகள்

*

நவம்பர் 19

அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வாண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் பிடித்த பிடியில் "வலிக்குதும்மா" என்றாள்.

ரயில் ஏற்றிவிடும்போது "வரல, இல்ல?" என்று கேட்டீர்கள். "வரல" என்றேன். மாதக் கடைசியில் பெட்டியோடு வந்துவிடுகிறேன் என்று நீங்களும் தலையாட்டினீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. எழுதுகிறேன்.

அவள் வந்தாள்.

கடையில், சோபாவைத் தூக்கிப் போக ஆட்கள் வருவதற்கு முன்னால், நீங்கள் அதில் சாய்ந்தபடி தூங்கிவிட்டீர்கள், பழைய வழக்கம்போல. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று கோப்பைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் திரை அசைந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டாள். என்னை. என் அம்மா என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒரு சின்னப் பொண்ணு வந்தாளா? எட்டு வயசு. எங்க வச்சாலும் தின்பண்டத்தை மோப்பம் பிடிச்சுடுவா, எறும்புன்னு கூப்பிடுவோம். கூட அவங்கப்பா இருப்பாரு."

நான்தான் என்று சொல்லத்தான் போனேன். சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை வளர்ந்ததை ஒரு நாளும் பார்க்காத தாயிடம், இந்த நரையைக் காட்டி, இதுதான் உன் பிள்ளை என்றால்? அவளிடம் இன்னும் ஒரு குழந்தை இருக்கிறது. அதை நான் பிடுங்க முடியாது.

"பாத்தேன். அவங்கப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரே" என்றேன்.

"என்னை விட்டுட்டா? என் காதுல விழுந்தது சரிதானா? தோத்துட்டேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. கடை முழுக்கக் கேட்டுச்சு."

அப்பா, அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நெசமாவா? அவர் வாயாலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். தூங்குகிற உங்களைக் காட்டி, "பாவம் இந்தப் பெரியவர், இவரைத்தான் முன்னாடியும் கேட்டேன்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போகத் திரும்பியவள் என் கைப்பையைப் பார்த்தாள். அதன் வார் வரும் வழியிலேயே அறுந்து, முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். "இதோட எப்படிப் போவீங்க?" என்று குனிந்து, செருப்பில் இருந்த ஊக்கைக் கழற்றி, என் பையில் குத்திவிட்டாள். "உங்களுக்கு?" என்றேன். "வீடு பக்கந்தான். இழுத்துக்கிட்டே போயிடுவேன்."

அவள் கை சில்லென்று இருந்தது. முன்வாசல் வழியாகத்தான் போனாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டார், குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னால் ஓடவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அவளை எங்கே அனுப்பினேன்? வீட்டுக்கு. அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். நீங்கள் இருக்கிற வீடு. பூட்டிக்கிடக்கும் கதவில் வந்து அவள் நிற்கக் கூடாது.

எத்தனை வருடமாக வாங்க வாங்க என்று உங்கள் உயிரை எடுத்தவள் இப்போது சொல்கிறேன். வர வேண்டாம். பெட்டியைப் பிரித்துவிடுங்கள். கதவைத் தாழ் போடாதீர்கள். அந்த அறையை வாண்டு எடுத்துக்கொள்ளட்டும்.

ஊக்கு என் முன்னால் மேசையில் இருக்கிறது. துருப் பிடிக்கவே இல்லை.

எறும்பு

*

நவம்பர் 26

எறும்புக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

இன்று காலையிலிருந்து மழை. கடையைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தாடிக்காரர் அந்தத் திரையை மடித்து எனக்காக எடுத்து வைத்திருந்தார். ஒரு முக்காலியையும் சும்மா கொடுத்தார். இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்காலி உதவுகிறது. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நம் வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. நனைந்திருக்கிறது. ஒன்றில் வார் அறுந்திருக்கிறது. ஊக்கு இல்லை.

உள்ளே வாளியை நகர்த்தும் சத்தம் எனக்கே கேட்கிறது. நான் எங்கே வைத்தாலும் அவளுக்குச் சரிப்படாது.

பெரியவரே என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடட்டும். அவள் எதைக் கேட்டாலும், முதலில் நான் தோத்துட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா